அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு மென்மையான யோகா: எங்கே தொடங்குவது?

திருச்சிமகள்

வணக்கம். அம்மாவுக்கு வயது 63. அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. அளவு கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலப்பக்கம் சற்று அதிகம். எல்லாவற்றையும்விட அவரை வாட்டுவது தூக்கமின்மை. பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

"யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னார். வீட்டருகே ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டேன். முதல் வாரமே சூரிய நமஸ்காரம், அதுவும் கைதட்டி எண்ணிக்கொண்டு. அடுத்து கபாலபாதி, அதாவது வயிற்றைச் சுருக்கி மூச்சைத் தள்ளித் தள்ளி விடுவது, இயந்திர வேகத்தில். முடித்து எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "இந்த வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று வந்தவர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: கொஞ்சம் அசைவு, கொஞ்சம் மூச்சு, கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருவது, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அடுத்த தெருவில், வேதாத்திரி மகரிஷியின் முறையைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றம் இருக்கிறது. இன்னொரு பக்கம், யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் மரபில் பயின்ற ஓர் ஆசிரியை காணொளி வழியாகத் தனி வகுப்பு எடுக்கிறார் என்று தோழி சொல்கிறாள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அம்மாவுக்கு எது பொருந்தும்?

வளமுடன்_பொள்ளாச்சி

வாழ்க வளமுடன், சகோதரி. மன்றம் அடுத்த தெருவிலேயே இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. வேலைக்குப் போகும் மனிதர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், வயதானவர்கள் எல்லோரும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். பெயரிலேயே எளிமை இருக்கிறது. கைப் பயிற்சியில் தொடங்கி, கால், நரம்பு தசைநார் மூச்சுப் பயிற்சி, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர் என்று போய், உடல் தளர்த்தலில் முடியும். தலைகீழாக நிற்பதோ உடம்பை முறுக்கிக் கட்டுவதோ கிடையாது. என் மாமியார் எழுபதைக் கடந்த பிறகுதான் கற்றுக்கொண்டார்.

தவம் தனி. தீட்சை கொடுத்துக் கற்றுத்தருவார்கள். முதலில் புருவ மத்தியில் நினைவை வைக்கும் ஆக்கினை தவம்; அங்கே அழுத்தம் கூடி தலை கனத்தால், நினைவைக் கீழே, முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவம். ஏறவும் இறங்கவும் இரண்டு வழியும் சொல்லிக்கொடுப்பதுதான் மகரிஷியின் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தூக்கமில்லாதவர்களுக்குச் சாந்தி தவம் நல்ல துணை.

வாய்ப்பிருந்தால் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறில் மகரிஷி அமைத்த அறிவுத் திருக்கோயிலுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். மலையடிவாரமும் அணையும் பக்கத்திலேயே. அந்தக் காற்றுக்காகவே போகலாம்.

மயிலை_மாணவி

நான் கிருஷ்ணமாச்சாரியார் மரபில் பயின்று, சென்னையில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று முன்னமே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மாவுக்குத் தலை சுற்றியதற்கு அவர் வயது காரணம் என்று நினைக்கவில்லை. அந்த வகுப்பில் அசைவு முன்னே ஓடியது. மூச்சு பின்னே துரத்திக்கொண்டு வந்தது. எங்கள் பள்ளியில் வரிசை நேர்மாறு. முதலில் மூச்சு தொடங்கும், அதன் பிறகு கை எழும். கை இறங்கி நின்ற பிறகுதான் வெளிமூச்சு முடியும். அதாவது ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் வேகம் தானாகக் குறையும். எண்ணிக்கை கூட்டும் ஆசையும் போய்விடும்.

கிருஷ்ணமாச்சாரியார் என்றதும் பலருக்கு மைசூர் அரண்மனையும் அங்கே சிறுவர்கள் வில்லாய் வளைந்த புகைப்படங்களும் நினைவுக்கு வரும். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அந்தக் காலத்து மாணவர்கள்தான். ஆனால் 1950களில் அவர் சென்னைக்கு வந்த பிறகு அவரைத் தேடி வந்தவர்கள் வேறு வகை. பக்கவாதம் வந்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், கர்ப்பிணிகள். ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றும் அவருடைய கலை இங்கேதான் முழுமை பெற்றது. அவருடைய மகன் தேசிகாச்சார் படித்தது பொறியியல். யோகத்தின் பக்கம் திரும்பியே பார்க்காதவர். 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கார் ஒன்று வந்து நிற்கிறது. நியூசிலாந்துப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, குடுமியும் திருமண்ணுமாக நின்ற தகப்பனாரைக் கட்டித் தழுவிக்கொள்கிறார். ஆசாரமான வைணவர் வீட்டு வாசலில் இப்படி ஒரு காட்சி! விசாரித்தால், பல காலம் தூக்கமில்லாமல் தவித்தவருக்கு முந்தைய இரவு மருந்தில்லாமல் தூக்கம் வந்ததாம். தேசிகாச்சார் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் படிக்க வந்ததற்கு அது ஒரு காரணம். 1976இல் அவர் நிறுவியதுதான் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்ற யோகப் பள்ளி.

உங்கள் அம்மாவின் சிக்கலும் தூக்கம் என்பதால்தான் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரே நாளில் நடக்கும் என்ற பொருளில் அல்ல.

எலும்பும்_தசையும்

நான் பிசியோதெரபிஸ்ட். எந்தப் பள்ளி சிறந்தது என்ற வாதத்துக்குள் வரவில்லை.

முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு முதல் சிக்கல் ஆசனம் அல்ல. தரையில் உட்காருவதும் தரையிலிருந்து எழுவதும்தான். வஜ்ராசனம், சம்மணம், குந்தி உட்காருவது மூன்றையும் தள்ளி வையுங்கள். உறுதியான கட்டில் இருந்தால் படுத்துச் செய்வதை அதிலேயே செய்யலாம். உட்கார்ந்து செய்வதற்கு நாற்காலி போதும்.

படுத்திருந்துவிட்டு நேராக எழக்கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி, உட்கார்ந்து, நான்கைந்து மூச்சு விட்டபின் நிற்கட்டும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அன்றைக்குச் சுவரைப் பிடித்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவது வேண்டாம். வேகமான கபாலபாதி வேண்டாம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் வயிற்றில் அறுவை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் அதைத் தவிர்க்கச் சொல்வது பொதுவான எச்சரிக்கை. கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தலை கீழே தொங்கும் நிலைகள் எதுவும் கூடாது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

வளமுடன்_பொள்ளாச்சி

எலும்பும்_தசையும் ஐயா சொல்வது சரி. எங்கள் மன்றத்திலும் சேரும்போதே நோய் விவரம் கேட்டுக்கொண்டு, அழுத்தம் உள்ளவர்களைக் கபாலபதியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லிவிடுவோம். தரையில் முடியாதவர்களுக்கு நாற்காலி போடுவோம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. ஆசிரியரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மயிலை_மாணவி அவர்களுக்கு ஒன்று. ஆளுக்கேற்ற பயிற்சி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனி வகுப்புக்கு மாதம் எவ்வளவு ஆகும்? திருச்சியில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெண்ணுக்கு அது கட்டுப்படியாகுமா? ஒரே வரிசையை எல்லோருக்கும் கற்றுத்தருவதால்தான் மனவளக்கலை கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது.

மயிலை_மாணவி

கட்டணம் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலான பதில் சொல்ல மாட்டேன்: தனி வகுப்பு செலவுதான். ஆனால் அது வாராவாரம் தேவையில்லை. ஒருமுறை பார்த்து வரிசை அமைத்துக் கொடுத்தால், மாதக்கணக்கில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிறகு ஒருமுறை பார்த்து மாற்றினால் போதும். குழுவில் சேர்ந்து செய்வதில் உள்ள தோழமை இதில் கிடைக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தனியாக இருக்கும் பெண்களுக்கு அதுவே பாதி மருந்து.

நேர்க்கோடு

எல்லோரும் பக்தர்களாக இருக்கிறீர்கள். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மாலையில் அரை மணி நேரம் காவிரிப் பாலத்தில் நடந்துவிட்டு வந்தால் கிடைக்காத எது இதில் கிடைக்கிறது? சக்தி, காந்தம், சக்கரம் என்ற சொற்களைத் தொடாமல் யாராவது பதில் சொல்ல முடியுமா?

முதுகுவலிக்கு யோகா உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயலக்கூடிய வழிகளில் ஒன்றாக யோகாவை 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலே சேர்த்தது. ஆனால் அதே பட்டியலில் உடற்பயிற்சியும் தைச்சி என்ற சீனப் பயிற்சியும் இருந்தன. யோகாவுக்கென்று தனி மகிமை எங்கே?

எலும்பும்_தசையும்

முழங்கால் ஒத்துழைத்தால் நடக்கட்டும், நல்லதுதான். பாலத்தில் வேண்டாம், சமதரையில். ஆனால் நடையில் கிடைக்காத ஒன்று உண்டு. நடக்கும்போது மூச்சு வேகம் கூடும், கூட வேண்டும். இந்தப் பயிற்சியிலோ தசை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூச்சு நிதானமாக இருக்கப் பழகுகிறது.

வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவதும் உள்மூச்சில் சற்று ஏறுவதும் ஆரோக்கியமான உடம்பில் இயல்பாக நடப்பவை. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டால் பலருக்குத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு விடுகிறவர் ஆறேழுக்கு இறக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. கழுத்து இரத்தக் குழாயில் உள்ள அழுத்த உணரிகளும் கூடுதல் கவனத்தோடு வேலை செய்கின்றன. இதில் காந்தமும் இல்லை, சக்கரமும் இல்லை. போதுமா?

அதற்காக மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் அந்த வகுப்பை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சிவப்பாதை

திருமூலர் வாழ்ந்த மண்ணில் மூச்சுக்கு அமெரிக்கச் சான்று தேடுகிறீர்களே! பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்து நான்கு, ரேசகம் முப்பத்திரண்டு என்று கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார் திருமந்திரத்தில். இடது நாசியில் இழுத்து, நிறுத்தி, வலதில் விட வேண்டும். அம்மாவை இதைச் செய்யச் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு நாளில் அழுத்தமாவது, தூக்கமின்மையாவது!

மயிலை_மாணவி

ஐயா, பொறுங்கள். திருமூலர் போட்ட கணக்கை மறுக்க நான் யார்? ஆனால் அந்தக் கணக்கில் இழுப்பதைப் போல் நான்கு மடங்கு அடக்குவது இருக்கிறது. நெடுநாள் பழகிய உடம்புக்குச் சொன்னது அது. மாத்திரை சாப்பிடும் 63 வயதுக்காரரை முதல் நாளே அறுபத்து நான்கு எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்வது பயிற்சியாகாது, ஆபத்து. ஆசனம் கைகூடிய பிறகே பிராணாயாமம், அதாவது மூச்சுப் பயிற்சி, என்று யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் வரிசை வைத்திருக்கிறார். பிராணாயாமத்தால் மனம் ஒன்றில் நிற்கும் தகுதி பெறும் என்றும் சொல்கிறார். இந்த மூன்று படிகளும் ஒன்றின் தோளில் ஒன்று நிற்பவை. அவசரத்துக்கு இங்கே இடமே கிடையாது.

எங்கள் வகுப்பில் தொடக்கக்காரருக்கு அடக்குதல் கிடையவே கிடையாது. நீட்டுவதெல்லாம் வெளிமூச்சைத்தான். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. அது சிரமமில்லாமல் வந்த பிறகு எட்டு. அடுத்த உள்மூச்சுக்கு அவசரப்பட்டு வாய் திறந்தால், நீட்டியது அதிகம் என்று பொருள். ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பாதை

குருவின் முன்னால் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த அளவில் அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். கணக்கு கணக்குதான்.

திருச்சிமகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். நியூசிலாந்துப் பெண் கட்டிப்பிடித்த இடத்தில் சிரித்தார். அந்த வகுப்பிலிருந்து வந்த பிறகு யோகா என்ற பேச்சில் அவர் சிரித்தது இதுவே முதல் முறை.

ஆனால் இப்போது வேறொன்று சொல்கிறார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அவருக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. நாங்கள் கத்தோலிக்கர்கள். அந்த வகுப்பில் ஓம் சொல்லச் சொன்னபோது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். "எனக்கு மாதாவின் ஜெபமாலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தியானம் செய்ய மனம் வரவில்லை" என்கிறார். தீட்சை என்ற சொல்லும் அவரைத் தயங்க வைக்கிறது. தியானத்தை விட்டுவிட்டு அசைவும் மூச்சும் மட்டும் செய்தால் பயன் பாதியாகிவிடுமா?

வளமுடன்_பொள்ளாச்சி

சகோதரி, மன்றத்துக்கு இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் வருகிறார்கள். மகரிஷி எந்தத் தெய்வத்தின் உருவத்தையும் நினைக்கச் சொல்லவில்லை. தீட்சை என்பது மதம் மாறுவது அல்ல. நினைவை எந்த இடத்தில் நிறுத்துவது என்று காட்டிக்கொடுப்பது, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவின் மனம் ஒப்பாமல் அழைத்து வராதீர்கள். உடற்பயிற்சியை மட்டும் கற்றுக்கொள்ளலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

நேர்க்கோடு

இந்த இடத்தில் நான் உதவப்போகிறேன் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் எழுதியது. ஆரோக்கியமான 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தும், ஒரு யோக மந்திரத்தைச் சொல்லவைத்தும் மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பதிவு செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. அழுத்த உணரிகளின் வேலையும் இரண்டிலும் மேம்பட்டது. ஜெபமாலையின் இலத்தீன் மந்திரத்தை, ஒருவர் முதற்பாதியும் மற்றவர் பிற்பாதியுமாகச் சொல்லும் வழக்கத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி ஆகும். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. கணக்கு அங்கேயே முடிந்தது.

23 பேர் என்பது சிறிய எண். நோயாளிகளும் அல்ல. அதனால் இதை வைத்து நோய் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் அம்மா தியானத்தைத் தேடிப் போகவேண்டிய தேவை இல்லை என்று மட்டும் சொல்வேன். அவர் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

பாலக்கரை_பேரன்

நானும் திருச்சிதான். எங்கள் பாட்டி ஜெபமாலை சொல்வதைக் கேட்டிருந்தால் அந்த இத்தாலியர்கள் கட்டுரையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். ஒரே மூச்சில் மூன்று "அருள் நிறைந்த மரியே"! ஜெபமாலையில் ஒரு தொடரின் பத்து மணிகளையும் உருட்டி முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவார். இலத்தீன் வேகம் தமிழுக்கு வராது. அத்தையிடம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம்.

மயிலை_மாணவி

நேர்க்கோடு அவர்களிடமிருந்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நன்றி.

திருச்சிமகள், தியானத்தின் பொருளை ஆசிரியர் திணிக்கக் கூடாது என்பதில் தேசிகாச்சார் உறுதியாக இருந்தார். வைணவருக்கு நாராயணன், நம்பிக்கை இல்லாதவருக்குச் சூரியனோ மலையோ, உங்கள் அம்மாவுக்கு மாதா. அம்மாவுக்காகவே ஒரு வரிசை எழுதுகிறேன். எல்லாமே கட்டிலிலும் நாற்காலியிலும் செய்யக்கூடியது. மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளட்டும். எதையும் மாற்றாமல் மூச்சை மட்டும் சற்று நேரம் கவனிக்கட்டும். பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் மெல்லத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். விட்டுக்கொண்டே கைகளை உடம்பின் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தோள் இறுக்கமாக இருந்தால் பாதி தூரம் போதும். ஆறு முறை. அந்த ஆறாவது முறையும் முதல் முறையைப் போலவே நிதானமாக இருந்தால்தான் ஏழாவதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது அபானாசனம். தொடைகளுக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொள்ளட்டும், முழங்காலின்மேல் வேண்டாம். மூச்சு விடும்போது தொடைகள் வயிற்றை நோக்கி வரும். இழுக்கும்போது கைகள் நீளும் அளவுக்கு விலகும். இதில் இழுத்து அணைக்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். வெளிமூச்சு முடியும் இடத்தில் தொடை எங்கே இருக்கிறதோ அதுவே அன்றைய எல்லை. பிறகு துவிபாத பீடம்: பாதங்களை ஊன்றி, இழுத்துக்கொண்டு இடுப்பை உயர்த்தி, விட்டுக்கொண்டு இறக்குவது. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் இடுப்பு ஒரு சாண் எழுந்தால் போதும், மேலே நிறுத்தவும் வேண்டாம். மறுபடியும் அபானாசனம் சில முறை, முதுகு தளர்வதற்காக.

இனி நாற்காலி. நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, இழுக்கும்போது நெஞ்சை விரித்து, விடும்போது கைகள் முழங்காலை நோக்கி வழுக்கிப் போக, முன்னால் குனிவது. தலை இதயத்துக்குக் கீழே போகவேண்டாம். பின் அப்படியே உட்கார்ந்து, நான்குக்கு ஆறு என்ற மூச்சு, பன்னிரண்டு முறை. அந்த இடத்திலேயே ஜெபமாலையை எடுத்துக்கொள்ளட்டும். மந்திரத்தின் முதற்பாதியை ஒரு வெளிமூச்சில், நடுவில் மூச்சை நிதானமாக இழுத்து, பிற்பாதியை அடுத்த வெளிமூச்சில். வாய்விட்டோ மனத்துக்குள்ளோ, அவர் விருப்பம். பாலக்கரை_பேரன் சொன்ன பாட்டி வேகம் மட்டும் வேண்டாம்.

ஒன்றைக் கண்காணியுங்கள். எந்த இடத்திலாவது மூச்சு உடைந்தாலோ, சத்தம் கரகரத்தாலோ, முகம் சுளித்தாலோ அங்கே நிறுத்தி ஓய்வு. வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். மூச்சு அதற்கு முன்பே சொல்லிவிடும்.

வளமுடன்_பொள்ளாச்சி

நல்ல வரிசை. குறை சொல்லத் தேடிப் பார்த்தேன், ஒன்றுதான் கிடைத்தது: கண்ணுக்கும் விரல்களுக்கும் ஒன்றும் இல்லையே! அஞ்சல் அலுவலகத்தில் காலமெல்லாம் முத்திரை குத்திய கை. எங்கள் கைப் பயிற்சியையும் உடல் தேய்த்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். தேய்த்துக்கொள்வதை அம்மாவே விரும்புவார் பாருங்கள்.

மயிலை_மாணவி

சேர்த்துக்கொள்ளட்டும். படுத்து எழுவதற்கும் நாற்காலிக்கும் இடையில் வைத்தால் எழும் அவசரமும் குறையும்.

கடலோரம்

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். இதே வரிசையை 38 வயது ஆண் செய்யலாமா? கணினி முன்னால் பத்து மணி நேரம். கழுத்து, தோள் எல்லாம் கட்டையாகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குகிறேன், மென்மையானவை எல்லாம் முதியவர்களுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எலும்பும்_தசையும்

செய்யலாம். இடுப்பை உயர்த்தி, ஆறு எண்ணி விட்டுக்கொண்டு இறக்கி, ஆறு முறை செய்து பாருங்கள். பளு தூக்குகிறவர்களுக்கே தொடை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகச் செய்யும்போது உந்து வேகத்தின் உதவி கிடையாது, தசையே முழுப் பாரத்தையும் சுமக்கும். உங்களுக்கு இடுப்பை மேலே நிறுத்தி இரண்டு மூச்சு இருக்கத் தடையில்லை. கழுத்துக்குத் தனி இழை திறந்து கேளுங்கள்.

திருச்சிமகள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்மா குறட்டை விடுவாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்கிறாரா? இரவில் சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறாரா? குறட்டையும் உயர் அழுத்தமும் நடு இரவு விழிப்பும் சேர்ந்திருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டும். அவற்றை மாலையில் சாப்பிட்டால் இரவு விழிப்பு வரலாம். இவற்றைப் பார்க்காமல் ஜெபமாலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

திருச்சிமகள்

குறட்டை இல்லை. ஆனால் மாத்திரையை இரவு உணவுக்குப் பிறகுதான் சாப்பிடுகிறார், எழுந்ததும் குளியலறைக்குத்தான் போகிறார்! இதை யாரும் இதுவரை கேட்டதே இல்லை. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிக் கேட்கிறேன். நானாக நேரத்தை மாற்ற மாட்டேன்.

அம்மா நேற்று மாலை செய்து பார்த்தார். கை உயர்த்துவதும் அபானாசனமும் நன்றாக வந்தன. இடுப்பை உயர்த்தும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார், நான் பக்கத்தில் இருந்து "விடுங்கள், விடுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெபமாலையை மெதுவாகச் சொன்னபோது மூன்றாவது பத்துக்குள் கண் சொக்கிவிட்டது. "மாதாவின் முன்னால் தூங்கிவிட்டேனே" என்று வருத்தப்படுகிறார். இதை என்ன செய்வது?

மயிலை_மாணவி

இடுப்பை உயர்த்துவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். மூச்சு அடங்கினால் அந்த அசைவு இன்னும் அவருக்குரியது இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

தூக்கத்துக்கு: தியானம் கலைந்தது என்று நான் நினைக்கவில்லை, உடம்பு கடனை வசூலிக்கிறது. கண்ணை மூடாமல் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும், கடைசிப் பத்துக்கு மட்டும் மூடிக்கொள்ளட்டும். நடு இரவில் விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல், விளக்கைப் போடாமல், படுத்தபடியே அதே மூச்சு, அதே மந்திரம். அப்போது தூங்கிப்போனால் மாதா கோபித்துக்கொள்ளமாட்டார் என்று என் சார்பாகச் சொல்லுங்கள்.

பாலக்கரை_பேரன்

எங்கள் பாட்டியும் தூங்குவார். விட்ட இடத்திலிருந்து காவல் தூதர் முடித்துவைப்பார் என்பார். அத்தையிடம் சொல்லுங்கள்.

நேர்க்கோடு

இதற்கு என்னிடம் சான்று கேட்காதீர்கள்.

திருச்சிமகள்

சொன்னேன். "அது எனக்கும் தெரியும்" என்றார்!

கடைசியாக ஒன்று. வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலியும், அப்பா பயன்படுத்திய சாய்வு நாற்காலியும், என் சக்கர நாற்காலியும்தான். அதாவது அலுவலக நாற்காலி. எது சரி?

எலும்பும்_தசையும்

மூன்றும் வேண்டாம். சாய்வு நாற்காலியில் முதுகு நிமிராது, சக்கரம் உள்ளது குனியும்போது நழுவும், பிளாஸ்டிக் கால்கள் வழுவழுப்பான தரையில் விரியும். உணவு மேசைக்குப் போடும் மர நாற்காலி, கைப்பிடி இல்லாததாக ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் படவேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அவர் உயரம் குறைவு என்றால் பாதத்துக்கடியில் ஒரு பலகை. முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.